அரசுப் பள்ளிக்குப் புதுசா வர்ற டீச்சருக்கு: முதல் வருஷம் எதைப் புடிச்சுக்கணும், எதை விட்டுடலாம்

டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) லிஸ்ட்ல பேர் வந்து, கவுன்சிலிங்ல ஏதோ ஒரு ஒன்றியத்துல ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, கையில ஆர்டரோட பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சுட்டு இருக்கற புது இடைநிலை ஆசிரியருக்காகத்தான் இதை எழுதறேன். ஆறாம் வகுப்புக்கு மேல எடுக்கறவங்களுக்கும் பாதி விஷயம் ஒத்துப் போகும், ஆனா நான் இருபது வருஷமா தொடக்கப் பள்ளியிலயே இருக்கறவன், எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்தான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் சேர்ந்த கொஞ்ச நாள்ல ஏபிஎல்ங்கற செயல்வழிக் கற்றல் வந்துச்சு, அட்டையும் ஏணிப்படியுமா பாயில உக்காந்து பாடம் நடத்தினோம். 2012ல வருஷத்தை மூணா பிரிச்சுப் பாடம் நடத்தற முப்பருவம் வந்துச்சு. 2022ல அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும்னு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு, முதல்ல ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரைக்கும், அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும். ஒவ்வொண்ணுலயும் நல்லது இருக்கு, ஒவ்வொண்ணுலயும் தலைவலியும் இருக்கு, அதைப் பத்தி நாம டீ குடிச்சுக்கிட்டு எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். ஆனா எந்தத் திட்டம் வந்தாலும் கடைசி வரிசையில வாசிக்கத் தெரியாம ஒரு அஞ்சாறு பேர் உக்காந்துட்டு இருப்பாங்க, அவங்களை நாம கண்டுபிடிக்கறோமா இல்ல மறைக்கறோமாங்கறதுதான் முதல் வருஷத்தோட கேள்வியே. கீழ நான் சொல்றது எல்லாமே சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.

சேர்ற அன்னிக்கு

இது சீக்கிரம் முடியற விஷயம். காலையில பள்ளி தொடங்கறதுக்கு முன்னாடியே போயிடுங்க, முற்பகல் சேர்ந்ததா எழுதிக் குடுங்க. அசல் சான்றிதழ் எல்லாம், ரெண்டு மூணு செட் நகல், மருத்துவத் தகுதிச் சான்று, போட்டோ. எஸ்ஆர் (பணிப் பதிவேடு) தொடங்கும்போது பேர், பிறந்த தேதி, இனிஷியல் மூணையும் நீங்களே கண்ணால பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க. சான்றிதழ் உண்மைத்தன்மைக்கு லெட்டர் போயிடுச்சான்னு மாசம் ஒரு தடவை கேட்டுட்டே இருங்க, அது வராம தகுதிகாண் பருவம் முடிச்சுக் குடுக்கறதுல இழுத்தடிக்கும், ரெண்டு வருஷத்துல முடிய வேண்டியது எத்தனையோ பேருக்கு அந்த ஒரு லெட்டருக்காக தள்ளிப் போயிருக்கு. முதல் சம்பளம் பெரும்பாலும் லேட்டாதான் வரும், ரெண்டு மூணு மாசத்துக்கு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கையில காசு வச்சுக்கங்க. அவ்வளவுதான், இதுக்கு மேல ஆபீஸ் வேலையைப் பத்தி பயப்படாதீங்க, பக்கத்து ஸ்கூல் சீனியர் ஒருத்தரைப் புடிச்சா எல்லாம் சொல்லிக் குடுத்துடுவாங்க.

முதல் வாரம் பாடம் நடத்தாதீங்க

நான் சொன்னா ஹெச்எம் என்னைத் திட்டலாம், பரவாயில்லை. முதல் வாரம் பேரைக் கத்துக்கங்க. முப்பது பேரோட பேரும், வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்கங்கறதும், யார் யாரோட தம்பி, யார் பாட்டி வீட்டுல தங்கிப் படிக்குது, யாரோட அப்பா அம்மா செங்கச் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போயிட்டு பொங்கல் கழிச்சுதான் வருவாங்க, இதெல்லாம் அட்டெண்டன்ஸ் நோட்டுல இருக்காது. பாட்டுப் பாடுங்க, கதை சொல்லுங்க, வெளிய கூட்டிட்டுப் போய் விளையாட விடுங்க, விளையாடும்போது யார் ஒதுங்கி நிக்கறாங்கன்னு பாருங்க.

வீட்டுல என்ன பாஷை பேசறாங்கன்னும் பாருங்க. ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசற வீட்டுப் புள்ளைங்க இருக்கும், நரிக்குறவர் குடியிருப்புப் பக்கம்னா வாக்ரிபோலி, திருப்பூர் மாதிரி ஊருக்குப் போனா இந்தி, ஒடியா பேசற புள்ளைங்களும் உங்க வகுப்புல இருக்கும். அந்தப் புள்ளை வாயைத் திறக்கலைன்னா மக்குன்னு அர்த்தம் இல்ல, நீங்க பேசறது அதுக்கு இன்னும் பாட்டு மாதிரி சத்தமா மட்டும்தான் கேக்குதுன்னு அர்த்தம். தமிழே பேசற வீட்டுப் புள்ளைக்கும் "வந்துச்சு"ங்கறது தெரியும், புத்தகத்துல இருக்கற "வந்தது" புதுசு, அதனால முதல் ரெண்டு மாசம் அவங்க பேச்சுலயே பேசுங்க, பேச்சைத் திருத்தாதீங்க.

ரெண்டாவது வாரத்துல இருந்து: யாருக்கு என்ன தெரியும்னு ஒவ்வொருத்தரா பார்க்கறது

இதுதான் இந்தக் கட்டுரையிலயே முக்கியமான படி, மத்ததை எல்லாம் வேகமா படிச்சாலும் இதை மட்டும் நிதானமா படிங்க.

எண்ணும் எழுத்தும்ல கீழ இருந்து மேல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை இருக்கு, ஆப்ல ஒரு மதிப்பீடும் வரும், அதை சொன்ன தேதியில முடிச்சுடுங்க. ஆனா அதுக்கு முன்னாடியே நீங்களா ஒரு அட்டை தயார் பண்ணிக்கங்க. காலண்டர் அட்டை பின்பக்கம் போதும். முதல் வரியில பத்து எழுத்து, வரிசையா இல்லாம கலைச்சுப் போட்டு. ரெண்டாவது வரியில கொம்பும் காலும் இல்லாத சொற்கள்: படம், மரம், நகம். மூணாவது வரியில குறில் நெடில் எல்லாம் வர்ற சொற்கள்: கிளி, பூனை, தேள், கொடி, சோளம். அப்புறம் ரெண்டு சின்ன வாக்கியம். கடைசியில நாலு வரிக் கதை, நீங்களே எழுதினது, எந்தப் புத்தகத்துலயும் இல்லாதது.

ஏன் புத்தகத்துல இல்லாததுன்னு சொல்றேன்னா, நான் முதல் வருஷம் ஏமாந்தது அங்கதான். ஒரு பையன் பாடத்தை கடகடன்னு வாசிப்பான், எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நாள் பார்த்தா அவன் விரல் மூணாவது வரியில இருக்கு, வாய் ஆறாவது வரியில இருக்கு. முழுப் பக்கமும் மனப்பாடம், பக்கத்துல இருக்கற பொண்ணு வாசிக்கறதைக் கேட்டுக் கேட்டே புடிச்சுக்கிட்டான். அந்த ஞாபக சக்திக்கு நான் அவனுக்கு மெடல் குடுக்கணும், ஆனா "மரம்"னு தனியா எழுதிக் காட்டினா தெரியலை.

பார்க்கற முறை: ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு பேர் போதும், ஒரு ஆளுக்கு மூணு நாலு நிமிஷம். மத்தவங்களுக்கு படம் வரையறது மாதிரி ஏதாவது வேலை குடுத்துட்டு, ஒரு ஓரமா, மரத்தடியிலயோ வராண்டாவுலயோ உக்காருங்க, மத்த புள்ளைங்க காதுல விழக்கூடாது. பரீட்சைன்னு சொல்லாதீங்க. சொற்கள்ல இருந்து தொடங்குங்க, வந்துச்சுன்னா வாக்கியத்துக்குப் போங்க, வரலைன்னா எழுத்துக்கு இறங்குங்க. தப்பா சொன்னா திருத்த வேண்டாம், அப்படியே என்ன சொன்னாங்கன்னு எழுதிக்கங்க. இந்தத் தப்புதான் தங்கம். ெ, ே குழப்பமா, ொ வந்தா முன்னாடி இருக்கற கொம்பை மட்டும் பார்த்துட்டு காலை விட்டுடறாங்களா, எழுத்து எழுத்தா சொல்லத் தெரியுது ஆனா சேர்க்க வரலையா ("ம... ர... ம்..., யானை"ன்னு ஒரு குட்டி சொன்னா எங்கிட்ட), ல ள ழ வா. இதுல கடைசி ஒண்ணைப் பத்தி இப்ப கவலையே படாதீங்க, அது பெரியவங்களுக்கே தகராறு. எழுத்தைச் சேர்க்க வராததுதான் பெரிய விஷயம், அதுக்கு வேலை வேற, எழுத்தே தெரியாததுக்கு வேலை வேற, ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு அ ஆ எழுதச் சொன்னா ரெண்டு பேருக்குமே பிரயோஜனம் இல்ல.

கணக்குக்கும் இதே மாதிரி சின்னதா. எண்ணத் தெரியுதா, 47, 74 ரெண்டுல எது பெருசுன்னு தெரியுதா, ஒரு கூட்டல், ஒரு கழித்தல். 42ல 17 போனா எவ்வளவுன்னு கேளுங்க, 35ன்னு எத்தனை பேர் எழுதறாங்கன்னு பாருங்க. ஏழு பெருசு ரெண்டு சின்னது, அதனால ஏழுல ரெண்டு போனா அஞ்சுன்னு தலைகீழா கழிச்சிருப்பாங்க. கவனக்குறைவுன்னு நினைச்சு திட்டாதீங்க, பத்துன்னா என்னன்னு அவங்களுக்குப் புரியலை. தொடப்பத்து ஈக்குச்சியை ஒடிச்சு, பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டு, ரெண்டு தனிக்குச்சி குடுத்து 17 எடுக்கச் சொல்லுங்க. ஏழு தனிக்குச்சி இல்லையே சார்னு முழிப்பாங்க, அப்புறம் ஒருத்தன் தானா ஒரு கட்டை அவுப்பான் பாருங்க, அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த வேலையில இருக்கோம். பத்து ரூபாய் செலவு இல்லாத டிஎல்எம் (கற்பித்தல் உபகரணம்).

முடிவுல உங்க கையில ஒரு தாள் இருக்கும். இடது பக்கம் பேர், நேரா எங்க நிக்கறாங்க, என்ன தப்பு வருது. இந்தத் தாளை யாருக்கும் சமர்ப்பிக்க வேண்டாம், அதனாலதான் இதுல உண்மையை எழுத முடியும்.

அதுக்கப்புறம் தினமும்

காலையில முதல் ஒரு மணி நேரம் இருக்கே, அதை யாருக்கும் குடுக்காதீங்க. 2022 செப்டம்பர்ல தொடங்கி அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு அந்த நேரம் முன்ன விட நல்லா இருக்கு, வயிறு நிறைஞ்ச புள்ளை வயிறு நிறைஞ்ச புள்ளைதான், பசியில சுருண்டு படுத்த புள்ளைங்களை நாங்க பார்த்திருக்கோம். அந்த நேரத்துல அரை மணியாவது வாசிக்க வராத குரூப் கூட உக்காருங்க. எழுத்துன்னா அ ஆவுல இருந்து வரிசையா போகாம ட, ப, ம மாதிரி வடிவம் லேசா இருக்கற நாலு எழுத்தை எடுத்து உடனே சொல் ஆக்குங்க, படம், பட்டம், மடம், மட்டம். நாலே எழுத்துல சொல்லு வாசிச்சுட்டேன்னு அதுக்கு ஒரு கெத்து வரணும். வாசிக்கத் தெரிஞ்ச புள்ளைங்களை சும்மா விடாதீங்க, நூலக அட்டைப் பெட்டியைப் பூட்டி வைக்காம திறந்து வைங்க, புத்தகம் கிழிஞ்சா கிழியட்டும், கிழியாத புத்தகம்தான் ஆடிட்ல கேக்க வேண்டிய புத்தகம். ஊஞ்சல் மாதிரி சிறுவர் இதழ் வந்தா அதையும் பீரோவுக்குள்ள வைக்காதீங்க.

ரெண்டு பேர் மட்டும் இருக்கற பள்ளின்னா

ஒன்றியப் பள்ளிகள்ல நிறைய இப்படித்தான். சட்டத்துல தொடக்கப் பள்ளிக்கு 30 பேருக்கு ஒரு ஆசிரியர்னு இருக்கு, கணக்குப்படி சரியாத்தான் இருக்கும், ஆனா அந்த முப்பது பேர் மூணு வகுப்புல இருப்பாங்கன்னு கணக்குக்குத் தெரியாது. நீங்க ஒண்ணு ரெண்டு மூணு, ஹெச்எம் நாலு அஞ்சு. ஹெச்எம் பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்கோ மீட்டிங்குக்கோ போற அன்னிக்கு அஞ்சு வகுப்பும் நீங்கதான்.

பல வகுப்பு சேர்ந்து இருக்கும்போது புதுசா வர்றவங்க பண்ற தப்பு, ஒண்ணாம் வகுப்புக்கு பத்து நிமிஷம், ரெண்டாம் வகுப்புக்கு பத்து நிமிஷம்னு ஓடறது. யாருக்கும் முழுசா கிடைக்காது, சாயந்தரம் தொண்டை போயிருக்கும். கதை, பாட்டு, பேச்சு, சுத்தி இருக்கறதைப் பார்க்கறது இதெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணா செய்யுங்க, வேலை மட்டும் வேற வேறயா குடுங்க: அதே கதையை ஒண்ணாம் வகுப்பு வரையட்டும், ரெண்டாம் வகுப்பு அதுல வர்ற அஞ்சு சொல் எழுதட்டும், மூணாம் வகுப்பு முடிவை மாத்தி எழுதட்டும். வாசிப்பும் கணக்கும் வகுப்பைப் பார்க்காம நிலையைப் பார்த்துப் பிரிங்க. மூணாம் வகுப்புப் பையன் ஒண்ணாம் வகுப்புப் புள்ளைங்களோட உக்கார வெக்கப்படுவான், அதுக்கு எனக்குத் தெரிஞ்ச வழி அவனைக் கார்டு எடுத்துக் குடுக்கற லீடரா ஆக்கறது, அவனும் சேர்ந்தே கத்துக்குவான், அவன் மானமும் போகாது.

இன்னொண்ணு, நீங்க பக்கத்துல இல்லாம புள்ளைங்க தானா செய்யற வேலைன்னா அது நேத்து செஞ்ச மாதிரி வேலையா இருக்கணும். புது வேலையைக் குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பினா ரெண்டு நிமிஷத்துல "சார் புரியல", மூணாவது நிமிஷம் அடிதடி.

அப்புறம் அந்த ஹெச்எம் இல்லாத நாளுக்குன்னே ஒரு பை கட்டி ஆணியில மாட்டி வைங்க. கதைப் புத்தகம் பத்து, சொல் அட்டைக் கட்டு, ஈக்குச்சிக் கட்டு, பழைய பேப்பர், வெட்டின படங்கள், கணக்குத் துண்டுச்சீட்டு. அன்னிக்கு பாடத்தை முடிக்கணும்னு கனவு காணாதீங்க, அஞ்சாம் வகுப்பை ஒண்ணாம் வகுப்போட ஜோடி சேர்த்து கதை வாசிக்க விடுங்க, பத்திரமா வீட்டுக்கு அனுப்புங்க, போதும்.

எமிஸ், ஆப், நெட்வொர்க்

எமிஸ்னா புள்ளைங்க விவரம் எல்லாம் பதியற கல்வித் துறை இணையதளம். அதைப் பத்தி ஒரு மணி நேரம் புலம்பலாம், புலம்ப மாட்டேன். அட்டெண்டன்ஸை முதல்ல நோட்டுல போட்டுடுங்க, ஆப்ல நேரத்துக்குள்ள போடறதுக்கு பள்ளியில எந்த இடத்துல டவர் கிடைக்குதுன்னு முதல் வாரமே கண்டுபிடிச்சு வச்சுக்கங்க (எங்க பள்ளியில குடிதண்ணித் தொட்டி மேல கையை வச்சா கிடைக்கும், சாமி மாதிரி). மத்த பதிவெல்லாம் சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறமோ, நாலு மணிக்கு மேலயோ. நாள் முழுக்க போன் கையிலயே இருந்தா புள்ளைங்களுக்கும் நீங்க போன் பார்க்கறவர்தான்.

ஒரே ஒரு பதிவு வேலையை மட்டும் உயிரா நினைச்சு செய்யுங்க: ஒண்ணாம் வகுப்பு சேர்க்கையில பேர், இனிஷியல், பிறந்த தேதி. பிறப்புச் சான்றிதழைப் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். நீங்க இன்னிக்குப் போடற ஒரு எழுத்துத் தப்பு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரைக்கும் போகும், அப்புறம் அந்தப் புள்ளையோட அப்பா கூலி வேலையை விட்டுட்டு ஆபீஸ் ஆபீஸா அலையணும்.

சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விவரம் வாங்கும்போது வகுப்புல எழுந்து நிக்கச் சொல்லி "இந்த கம்யூனிட்டி யாரு கை தூக்கு"ன்னு கேக்கற வழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு. தயவு செஞ்சு வேண்டாம். 2023ல நாங்குநேரியில பட்டியலின மாணவன் ஒருத்தனை கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினதுக்கு அப்புறம் அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024ல குடுத்த அறிக்கையில, வருகைப் பதிவேட்டுலயே சாதி விவரம் இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பெற்றோரைத் தனியா கூப்பிட்டு வாங்கிக்கலாம், இல்ல கவர்ல வாங்கிக்கலாம். அதே மாதிரி பெருக்கறது, டாய்லெட் கழுவறது எதுக்கும் புள்ளைங்களை அனுப்பாதீங்க, அனுப்பும்போது நம்ம கை யாரை நோக்கி நீளுதுன்னு நமக்கே தெரியாம நடந்துடும்.

குச்சி

கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு, அடிக்கவும் கூடாது, மனசு நோகற மாதிரி திட்டவும் கூடாது. சட்டம் 2010 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு, ஆனாலும் ஊர்ல வர்ற அம்மாவே "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்க சார்"ன்னு சொல்லுவாங்க. சிரிச்சுட்டு விட்டுடுங்க.

சேட்டை பண்றவன் யாருன்னு பார்த்தீங்கன்னா, உங்க கிட்ட இருக்கற அந்தத் தாளை எடுத்துப் பாருங்க, பாதிக்கு மேல வாசிக்க வராதவங்க பேராத்தான் இருக்கும். கரும்பலகையில என்ன எழுதியிருக்குன்னே தெரியாதவன் நாப்பது நிமிஷம் வேற என்னதான் பண்ணுவான், பக்கத்துல இருக்கறவனைத்தான் கிள்ளுவான். அவனுக்கு முடியற வேலையைக் குடுத்தா பாதி சத்தம் அடங்கிடும். மீதிச் சத்தத்துக்கு நீங்க குரலைக் குறைங்க, கத்தினா அவங்க இன்னும் கத்துவாங்க, மெல்லப் பேசினா என்னவோ ரகசியம்னு அடங்குவாங்க, எல்லா நாளும் வேலை செய்யாது, மழை நாள்ல எதுவுமே வேலை செய்யாது.

இதோட ஒட்டினது ஒண்ணு. ஒரு புள்ளை திடீர்னு பேசாம ஆயிட்டா, வீட்டுக்குப் போக பயந்தா, இல்ல யாரோ தொட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா, விசாரணை பண்ணி உண்மையான்னு கண்டுபிடிக்கறது உங்க வேலை இல்ல. திரும்பத் திரும்பக் கேக்காதீங்க, ஊர்ப் பெரியவங்களை வச்சுப் பேசி முடிக்கவே முடிக்காதீங்க. போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவே குற்றம். ஹெச்எம் கிட்ட சொல்லுங்க, குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்க, ஹெச்எம் "பள்ளிப் பேர் கெட்டுடும்"னு இழுத்தாலும் நீங்க கூப்பிடுங்க. பள்ளிக் கல்வித் துறையோட உதவி எண் 14417ஐயும் வகுப்பு சுவத்துல புள்ளைங்க கண்ணு உயரத்துல எழுதி வைங்க.

பெற்றோர்

எஸ்எம்சியில (பள்ளி மேலாண்மைக் குழு) நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. பகல்ல மீட்டிங் வச்சுட்டு யாரும் வரலைன்னு நாம சொல்லுவோம், நூறு நாள் வேலையை விட்டுட்டு வந்தா அன்னிக்கு கூலி போச்சு. நான் பண்றது, வாரத்துல ஒரு நாள் சாயந்தரம் அஞ்சரைக்கு மேல ஒரு தெரு நடந்துட்டு பஸ் ஏறறது. முதல் தடவை போகும்போது குறை சொல்லப் போகாதீங்க, டீச்சர் வீட்டு வாசல்ல வந்தாலே புள்ளை என்னவோ பண்ணிட்டான்னு அவங்க பயப்படுவாங்க. நல்லதா ஒண்ணு சொல்லிட்டு, தண்ணி குடுத்தா வாங்கிக் குடிச்சுட்டு வந்துடுங்க. எந்த வீடா இருந்தாலும் வாங்கிக் குடிங்க, ஊரே அதைத்தான் பார்க்கும்.

மத்த டீச்சருங்களோட பேசறது

பக்கத்துப் பள்ளி டீச்சருங்க எல்லாம் கூடற குறுவள மையக் கூட்டத்துக்குப் போவீங்க, வாட்ஸ்அப் குரூப்ல சேர்ப்பாங்க. குரூப்ல சர்க்குலர் வரும், குட் மார்னிங் வரும், வினாத்தாள் பிடிஎஃப் வரும். கூட்டத்துல பவர்பாயிண்ட் ஓடும், டீ வரும், மாறுதல் பத்தி, பென்ஷன் பத்திப் பேச்சு வரும். அதெல்லாம் பேச வேண்டியதுதான், நம்ம வாழ்க்கைப் பிரச்னை. ஆனா "எங்க வகுப்புல ஏழு பேருக்கு வாசிக்க வரலை, என்ன பண்றதுன்னு தெரியலை"ன்னு ஒருத்தர் எழுந்து சொல்லி நான் ரொம்ப வருஷம் கேட்டதில்லை. சொன்னா திறமை இல்லாத டீச்சர்னு ஆயிடுமோன்னு எல்லாருக்கும் பயம், அதனால எல்லார் வகுப்பும் மலர்ல இருக்கு.

புதுசா வந்தவருக்கு ஒரு சலுகை இருக்கு, தெரியலைன்னு சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. முதல் வருஷத்துலயே அதைப் பயன்படுத்திக்கங்க. பொதுவா "புள்ளைங்க படிக்க மாட்டேங்குதுங்க"ன்னு தொடங்கினா பொதுவான புலம்பல்தான் திரும்பி வரும். ஒரு புள்ளையோட ஒரு நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்துட்டுப் போங்க, பேரை மறைச்சுடுங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவங்க கிட்ட "இந்தத் தப்பு எதனால வருது, நீங்கன்னா என்ன செய்வீங்க"ன்னு கேளுங்க. இருபத்தஞ்சு வருஷம் ஒண்ணாம் வகுப்பு எடுத்த டீச்சரம்மாங்க இருப்பாங்க, மேடையில பேச மாட்டாங்க, பிஆர்டிஇ (பயிற்சி நடத்தற ஆசிரியர் பயிற்றுநர்) மைக் குடுத்தாலும் வாங்க மாட்டாங்க, ஆனா அந்தப் பக்கத்தைப் பார்த்த உடனே "இவனுக்கு கொம்பு எந்த எழுத்தோடதுன்னே தெரியலை, கலர் சாக்பீஸ்ல போட்டுக் காட்டுங்க"ன்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படித்தான் ஒருத்தங்க சொன்னாங்க, ரெண்டு வாரத்துல சரியாச்சு, எந்தப் பயிற்சியிலயும் எனக்குக் கிடைக்காத விஷயம். முடிஞ்சா ஒரு நாள் பக்கத்துப் பள்ளியில போய் அவங்க வகுப்பைப் பின்னாடி உக்காந்து பாருங்க, ஹெச்எம் ரெண்டு பேர் கிட்டயும் சொல்லிட்டு. டிஎல்எம் போட்டோ பார்த்துக் கத்துக்கறதை விட அது நூறு மடங்கு மேல். போட்டோவுல எல்லா வகுப்பும் அழகாத்தான் இருக்கும்.

விசிட் வரும்போது

பிஇஓ வருவாங்க, சில நேரம் சிஇஓவே (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) வருவாங்க. ஒரு புள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லுவாங்க.

என் முதல் வருஷம் ஜீப் சத்தம் கேட்ட உடனே நான் என்ன பண்ணினேன்னா, வாசிக்க வராத ரெண்டு பேரை குடத்தைக் குடுத்து தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பிட்டேன். நல்லா வாசிக்கற பொண்ணை முன்னாடி உக்கார வச்சேன். விசிட் பிரமாதமா போச்சு, பதிவேட்டுல நல்லதா எழுதிட்டுப் போனாங்க. தண்ணிக்குப் போனவங்க வரலை. அரை மணி கழிச்சு அதுல சின்னப் பொண்ணு வாசல்ல தலையை மட்டும் நீட்டி, "சார், அவங்க போயிட்டாங்களா, நாங்க வரலாமா"ன்னு கேட்டா. அவளுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு. குடம் காலியாவே இருந்துச்சு.

இப்பல்லாம் யார் வந்தாலும் நான் முதல்லயே தாளை நீட்டிடறேன். இத்தனை பேர் வாசிக்கறாங்க, இத்தனை பேர் சொல்லு அளவுல இருக்காங்க, இந்த ஆறு பேருக்கு எழுத்து சேர்க்க வரலை, ஜூன்ல பத்துப் பேர் இருந்தாங்க, காலையில அரை மணி இதைப் பண்றேன். ஒரு தடவை திட்டு வாங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். மத்த தடவை எல்லாம் "அந்த ஆறு பேரைக் கூப்பிடுங்க பார்ப்போம்"னு பக்கத்துல உக்காந்து பார்த்தவங்கதான் அதிகம்.

வருஷக் கடைசியில

ஏப்ரல்ல தேர்ச்சிப் பட்டியல், எமிஸ், புத்தகக் கணக்குன்னு தலை சுத்தும். அஞ்சாம் வகுப்பு முடிக்கறவங்களோட பெற்றோர் கிட்ட ஒரு விஷயத்தை மட்டும் உக்கார வச்சுச் சொல்லுங்க: ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ் படிக்கும்போது மாசம் 1,000 ரூபாய் எல்லாம் யோசிக்க முடியும், எட்டாம் வகுப்புல என்எம்எம்எஸ் உதவித்தொகைப் பரீட்சை எழுதித் தேர்வானா ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய். ஊர்ல தனியார் ஸ்கூல் வேன் வந்து நிக்கும்போது இது தெரியாமதான் ஏத்தி விட்டுடறாங்க.

கடைசியா அந்தத் தாள். ஜூன்ல எழுதினது, நடுவுல அடிச்சுத் திருத்தினது, மூலையில டீ கறை. அதைப் பார்த்து ஒவ்வொரு புள்ளைக்கும் ரெண்டே வரி புதுசா எழுதுங்க: இப்ப எங்க நிக்குது, எதைச் சொன்னா சிரிக்கும், எதுக்கு பயப்படும், எந்த ஜோடி கூட உக்காந்தா வேலை செய்யும். அடுத்த வருஷம் அந்த வகுப்பை எடுக்கப் போறவங்க கையில நேரா குடுங்க, ஹெச்எம் மேசையில வைக்காதீங்க, அங்க வச்சா சர்க்குலருக்கு அடியில போயிடும். நீங்களே எடுக்கப் போறீங்கன்னாலும் எழுதுங்க. ஒரு மாச லீவு முடிஞ்சு வரும்போது ஒரு பேர் கூட ஞாபகம் இருக்காது.